சுருங்குவது எதனால்? நான்சி ஆண்ட்ரியாசனும் மனச்சிதைவின் மூளைப் படங்களும்

1. கேள்வி

மனச்சிதைவு நோயாளிகளின் மூளை, நோயில்லாதவர்களின் மூளையைவிடச் சராசரியாகச் சற்றுச் சிறியது. இதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை ஒன்றுதிரட்டி 2013இல் ஹைமாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு, மருந்தெடுத்துவந்த நோயாளிகளின் மூளையின் மொத்தப் பருமன் 2.6 சதவீதம் குறைந்திருப்பதாகக் கணக்கிட்டது. ஏன் குறைகிறது என்று கேட்டதும் சச்சரவு தொடங்கிவிடுகிறது. நோயே மூளையைத் தேய்க்கிறதா, நோய்க்குத் தரும் மருந்து தேய்க்கிறதா, இல்லை பிறக்கும்போதே அந்த மூளை அப்படித்தான் அமைந்திருந்ததா?

இந்தக் கேள்வியை ஒருவரின் பணி வழியாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி ஆண்ட்ரியாசனைத் தேர்ந்துகொள்ளக் காரணம் உண்டு. ‘மனச்சிதைவு ஒரு மூளை நோய்’ என்ற வாதத்தைப் படங்களோடு முன்வைத்த முதல் தலைமுறையில் அவர் முன்னணியில் இருந்தார். ‘மூளையைச் சுருக்குவது மருந்துதான்’ என்று வாதிடுவோர் அதிகம் எடுத்துக்காட்டுவதும் அவருடைய ஆய்வையே. ஒரு வழக்கில் வாதி, பிரதிவாதி இருவரும் ஒரே சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். அப்படி நேரும்போது சாட்சி உண்மையில் என்ன சொன்னார் என்பதை நிதானமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படக்கருவி அளப்பது பருமனை. பருமன் குறைந்ததை ‘மூளை அழிந்தது’ என்று படிப்பவர்கள், படத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துப் படிக்கிறார்கள். இரு தரப்பும் அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன.

2. சொல்லும் அதன் சுமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எமில் கிரெப்லின் இந்த நோய்க்கு ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்று பெயரிட்டார். இளம்வயதிலேயே வரும் அறிவுத்தேய்வு என்பது பொருள். மூளையில் ஏதோ அழிகிறது, அதைக் கண்டுபிடிப்பது காலத்தைப் பொறுத்தது என்று அவர் நம்பினார். மறதி நோய்க்குத் தன் பெயரைத் தந்த அலோய்ஸ் அல்சைமர் மியூனிக்கில் அவருடைய சகா. நுண்ணோக்கியில் மூளைத் திசுவைப் பார்ப்பதில் அல்சைமருக்கு இணையானவர்கள் அன்று வெகு சிலர். அல்சைமர் நோயில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த அடையாளங்களைப் போல எதுவும் மனச்சிதைவில் அகப்படவில்லை. பின்னாளில், மனச்சிதைவு நரம்பு நோயியலாளர்களின் கல்லறை என்ற கசப்பான சொல்வழக்கே உருவானது.

சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் 1908இல் வேறு பெயரை முன்வைத்தார். ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்பதில் உள்ளது பிளவு. எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இணங்காமல் பிரிந்துபோவது. தேய்வு அதில் இல்லை. எல்லா நோயாளிகளும் சீரழிவதில்லை என்று கண்டதுதான் பிளாய்லர் பெயரை மாற்றியதற்கு ஒரு காரணம். தமிழில் நாம் ‘மனச்சிதைவு’ என்கிறோம். சிதைவது திரும்ப ஒட்டாது. இடிந்த சுவருக்கும் அழுகிய பொருளுக்கும் சொல்கிற வார்த்தை அது. பிளாய்லரின் சொல்லை மொழிபெயர்க்கப் போய்க் கிரெப்லினின் அவநம்பிக்கையைக் கொண்டுவந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்ட சொல் என்பதால் இங்கும் அதையே கையாள்கிறேன்.

மருந்துகள் வருவதற்கு முன்பே ஒரு தடயம் கிடைத்திருந்தது. 1927இல் ஜெர்மனியில் யாக்கோபியும் விங்க்லரும் தண்டுவடத் திரவத்தை வடித்து, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். மூளையின் நடுவே திரவம் நிரம்பிய அறைகள் பல நோயாளிகளுக்குப் பெருத்திருந்ததைக் கண்டார்கள். நோயாளிக்குக் கடும் தலைவலி தரும் முறை அது. ஒப்பிடுவதற்கு நோயில்லாதவர்களை அதற்கு உட்படுத்த முடியாது என்பதால் முடிவு கேள்விக்குரியதாகவே நின்றது. 1952இல் பாரிசில் டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்ரோமசைன் என்ற மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதன்பின் பல நாடுகளில் மருந்து தொடாத நீண்டகால நோயாளியைக் காண்பதே அரிதாயிற்று.

1976இல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ ஆகியோரின் குழு, அப்போதுதான் வந்திருந்த சி.டி. ஸ்கேனில் 17 நீண்டகால நோயாளிகளைப் படமெடுத்தது. மூளை அறைகள் பெரிதாகியிருந்தன. சிறிய ஆய்வு. ஆனாலும் அரைநூற்றாண்டாக மூடிக்கிடந்த கதவு அதனால் திறந்தது. அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரியாசன்.

3. இலக்கியத்திலிருந்து வந்தவர்

1938இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் பிறந்த ஆண்ட்ரியாசன் முதலில் மருத்துவர் அல்லர். மறுமலர்ச்சிக் கால ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, அயோவா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தார். கவிஞர் ஜான் டன்னைப் பற்றி அவர் எழுதிய நூலை 1967இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. முதல் குழந்தை பிறந்தபின் வந்த கடுமையான தொற்று அவரை மரணத்தின் அருகே கொண்டுசென்றது. மீண்டபிறகு மருத்துவம் படிக்க முடிவெடுத்து, 1970இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இந்த வாழ்க்கைக் குறிப்பை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. உளமருத்துவத்தில் அவருடைய தொடக்கப் பணியே மொழியைப் படிப்பதுதான். நோயாளியின் பேச்சில் ‘சிந்தனைக் கோளாறு’ இருப்பதாக மருத்துவர்கள் பொத்தாம்பொதுவாக எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சு எந்த இடத்தில் தடம் மாறுகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் எப்படி வருகிறது, நிறையப் பேசியும் ஏன் எதுவும் சொல்லப்படுவதில்லை என்று வகைபிரித்து, 1979இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார். ஒரு கவிதையை வரிவரியாகப் பிரித்துப் படிக்கும் பயிற்சி இல்லாதவருக்கு அது கைவந்திருக்குமா என்பது சந்தேகம். அடுத்து 1980களின் தொடக்கத்தில் எதிர்மறை அறிகுறிகளுக்கான அளவுகோலும் வந்தது: பேச்சு வற்றுவது, முகத்தில் உணர்ச்சி மறைவது, எதிலும் நாட்டமின்மை. குரல் கேட்பதும் சந்தேகமும் பிறர் கண்ணில் படும், இவை படுவதில்லை. வீட்டில் ‘சோம்பேறி’ என்ற வசவோடு இவை முடிந்துவிடும். இவற்றையும் நோயின் பகுதியாக எண்ணி அளக்கச் செய்தது அவருடைய நிலையான பங்களிப்பு என்று கருதுகிறேன். படங்களைவிட இது நீண்டநாள் நிற்கும்.

1984இல் பொதுவாசகர்களுக்காக அவர் எழுதிய நூலின் தலைப்பு ‘உடைந்த மூளை’ என்று பொருள்படும். மனநோய்க்குத் தாயின் வளர்ப்பைக் காரணம் காட்டிய கோட்பாடுகள் அமெரிக்காவில் செல்வாக்கோடு இருந்த தலைமுறைக்கு அந்தத் தலைப்பு ஒரு விடுதலைபோல ஒலித்தது. குற்றம் தாயின்மீது இல்லை, உறுப்பில் இருக்கிறது. ஆனால் ‘உடைந்த’ என்ற சொல் இன்னொரு சுமையையும் ஏற்றிவிட்டது. உடைந்த இடத்தைக் காட்டு என்று கேட்டால் காட்ட வேண்டுமே.

1986இல் அவருடைய குழு எம்.ஆர்.ஐ. வழியாக மனச்சிதைவை அளந்து ஆராய்ந்தது; இத்துறையில் அதுவே முதல் அளவீட்டு ஆய்வு என்று சொல்லப்படுகிறது. நோயாளிகளின் மண்டையோடும் மூளையும், குறிப்பாக முன்மடலும், சிறியவை என்றது. 1990இல் புதிய நோயாளிகளோடு அதே குழு மீண்டும் அளந்தது. இம்முறை ஒப்பீட்டுக் குழுவைக் கல்வியில் இணையானவர்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். முன்மடல் வேறுபாடு காணாமல் போனது. மூளை அறைகளின் பெருக்கம் மட்டும், அதுவும் ஆண்களிடம் தெளிவாக, எஞ்சியது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறியதும் ‘உடைந்த’ இடமும் மாறிவிட்டது. தன் முதல் கண்டுபிடிப்பைத் தானே திரும்பச் சோதித்து, கிடைக்கவில்லை என்று அச்சில் ஒப்புக்கொண்டது அன்று மட்டுமல்ல, இன்றும் அடிக்கடி நடப்பதில்லை.

1994இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் வேறு வழியைக் கையாண்டார்கள். பல மூளைகளின் படங்களைப் பொருத்தி அடுக்கி ஒரு ‘சராசரி மூளை’யை உருவாக்கி, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிட்டார்கள். வேறுபாடு தலாமஸ் பகுதியில் தெரிந்தது. புலன்செய்திகள் மூளையின் மேலுறையான புறணிக்குப் போகும் வழியில் உள்ள சந்திப்பு அது. இதிலிருந்து, ஒரு பகுதி கெட்டுப்போவதைவிடப் பகுதிகளுக்கிடையிலான ஒத்திசைவு தவறுவதே அடிப்படை என்ற கருத்துக்கு அவர் வந்துசேர்ந்தார். உடைந்த மூளை, தாளம் தப்பிய மூளையாயிற்று. இந்த நகர்வு போதிய கவனம் பெறவில்லை. நூலின் தலைப்பே நினைவில் தங்கிவிட்டது.

4. அயோவா ஆய்வு

ஒருவரை ஒருமுறை படமெடுத்தால் இன்றைய நிலை மட்டுமே தெரியும். தேய்கிறதா என்று அறிய, அதே ஆளைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். அயோவா குழு முதல்முறை நோய்வாய்ப்பட்டவர்களைச் சேர்த்து அப்படித் தொடர்ந்தது. பெங் சூன் ஹோ முதல் ஆசிரியராகவும் ஆண்ட்ரியாசன் இரண்டாம் ஆசிரியராகவும் 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 211 நோயாளிகள், 674 படங்கள், சராசரியாக 7.2 ஆண்டுகள், அதிகபட்சம் 14 ஆண்டுகள். இந்தத் துறையில் இவ்வளவு நீண்ட தொடர்ச்சி அபூர்வம்.

நான்கு காரணிகளை எடைபோட்டார்கள்: தொடர்ந்த காலம், நோயின் கடுமை, மது மற்றும் போதைப் பழக்கம், மனச்சிதைவுக்குத் தரும் ஆன்டிசைக்காட்டிக் மருந்தின் அளவு. காலம் கூடக்கூடத் திசு குறைந்தது. மற்ற மூன்றையும் கணக்கில் கழித்த பிறகும், மருந்து அதிகம் எடுத்தவர்களுக்குச் சாம்பல்நிறப் பகுதி அதிகம் குறைந்திருந்தது. வெண்பகுதியின் தொடர்ச்சியான குறைவும் அவர்களிடமே கூடுதலாகத் தெரிந்தது. நோயின் கடுமைக்கு மிதமான தொடர்பே இருந்தது. போதைப் பழக்கத்துக்குத் தனியான தொடர்பு தெரியவில்லை.

மூளையை உடைப்பது நோய் என்று நூல் எழுதியவரின் குழுவிலிருந்தே இது வந்தது. இதை 2008இல் நியூயார்க் டைம்ஸ் நேர்காணல் ஒன்றில் ஆண்ட்ரியாசன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். முற்றிலும் உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டொரு ஆண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்ததாகவும், மருந்து தேவைப்படுகிறவர்கள் இதைக் கேட்டு நிறுத்திவிடுவார்களோ என்பதே தன் பெரிய அச்சம் என்றும் கூறினார். இந்தத் தாமதத்தை இருவிதமாகப் படிக்கலாம். பொறுப்புள்ள தயக்கம் என்று ஒரு பக்கம். நோயாளிகள் அறிய வேண்டியதை அவர்கள் சார்பில் இன்னொருவர் முடிவுசெய்தது என்று மறுபக்கம். இரண்டிலும் நியாயம் உண்டு. தனிப்பட்ட முறையில், இரண்டாவதன் பக்கமே நான் சற்றுச் சாய்கிறேன்.

5. ஆய்வின் எல்லைகள்

அயோவா ஆய்வு மருந்தைக் குற்றவாளி என்று நிறுவிவிட்டதா? இல்லை. முதல் தடை எளிமையானது. யாருக்கு அதிக மருந்து தரப்படுகிறது? நோய் அடங்காதவருக்கு. அப்படியானால் அதிக மருந்தோடு சேர்ந்து வருவது அடங்காத நோயும்தான். கடுமையைக் கணக்கில் கழித்தோம் என்பது பதில். ஆனால் பரிசோதனை நாளில் தெரியும் கடுமை, மருந்து அடக்கியதுபோக மிஞ்சிய கடுமை. அடுப்பைத் தணித்தபின் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துத் தீயின் வேகத்தை ஊகிப்பது போன்றது இது. புள்ளியியலில் எவ்வளவு கழித்தாலும் மருந்தும் நோயும் இங்கே முழுதாகப் பிரியமாட்டா. மருந்தே எடுக்காத நோயாளிகளின் குழு ஒன்று ஒப்பீட்டுக்கு இல்லாதது அடுத்த குறை.

அளவீட்டிலேயே உள்ள சிக்கல்களைச் செய்திக் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. பதினாறு மணிநேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலே மூளையின் பருமன் ஏறக்குறைய அரை சதவீதம் குறைகிறது. தண்ணீர் குடித்ததும் மீள்கிறது. 2005இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டியது இது. இரு குழுக்களுக்கிடையே நாம் தேடும் மொத்த வேறுபாடே இரண்டரை சதவீதம்தான் என்பதை இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனுக்குள் தலை லேசாக ஆடினால் சாம்பல்நிறப் பகுதி மெலிந்ததுபோல் படம் பதிவாகும். பதற்றத்தில் இருப்பவர், மருந்தின் விளைவால் கால்களை அடக்க முடியாதவர் இயல்பாகவே அதிகம் அசைவார்கள். புகைப்பழக்கம், உடல்பருமன், மது ஆகியவையும் இந்த நோயாளிகளிடம் அதிகம். அவையும் அளவைப் பாதிக்கும். 2016இல் டேனியல் வைன்பெர்கரும் ராடுலெஸ்குவும் இவற்றை எல்லாம் அடுக்கிக் காட்டி எச்சரித்தார்கள். மூளைப்பட ஆய்வில் ஊறிய வைன்பெர்கரே இதைச் சொன்னதுதான் அந்த எச்சரிக்கைக்கு எடை தருகிறது.

மருந்தை அறியாத நோயாளிகள் இங்கே முக்கியமாகிறார்கள். 1927இன் காற்றுப் படங்கள் மருந்துக்கு முந்தைய காலத்தவை என்பதை மறக்க வேண்டாம். ஹைமாவின் தொகுப்பாய்வில், மருந்தே எடுக்காதவர்களுக்குக் காடேட், தலாமஸ் ஆகிய பகுதிகளின் குறைவு மருந்தெடுத்தவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. எனவே எல்லாக் குறைவையும் மருந்தின் கணக்கில் எழுத முடியாது.

நீண்டகாலம் நோயுற்றும் மருந்து தொடாதவர்கள் மேற்குலகில் அரிது. அத்தகையவர்களைப் பற்றிய ஆய்வுகளின் ஒரு கண்ணி சென்னையில் இருக்கிறது. டாக்டர் எம். சாரதா மேனன் 1984இல் நிறுவிய ‘ஸ்கார்ப்’ என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பைச் சேர்ந்த பத்மாவதி, ராஜ்குமார், ஸ்ரீனிவாசன் ஆகியோர், சென்னையின் ஒரு நகர்ப்புறப் பகுதியில் கண்டறியப்பட்ட மனச்சிதைவு நோயாளிகளில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள் என்று 1998இல் எழுதினார்கள். மருத்துவ நோக்கில் அது ஓர் அவலம். அறிவியல் நோக்கில், வேறெங்கும் கிடைக்காத ஒரு சாட்சியம். இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவது எழுதும்போது உறுத்துகிறது.

1996இல் ஸ்காட்லாந்தின் மெக்ரீடி, ஸ்கார்பின் ஆர். தாரா முதலானோருடன் சேர்ந்து சென்னைப் பகுதியில் 308 முதியவர்களைப் பரிசோதித்தார். வாயும் நாக்கும் கைகால்களும் தாமாக அசையும் கோளாறு பொதுவாக இந்த மருந்துகளின் பக்கவிளைவு என்றே கருதப்படுகிறது. நோயில்லாத முதியவர்களில் 15 சதவீதத்தினருக்கு அது இருந்தது. இளம் நோயாளிகளின் இரத்த உறவினர்களிலும் 15 சதவீதம். மருந்தெடுத்த நோயாளிகளில் 41 சதவீதம். மருந்தே தொடாத நோயாளிகளில் 38 சதவீதம். கடைசிக் குழுவில் இருந்தவர்கள் 21 பேர் மட்டுமே என்பதால் இந்தச் சதவீதத்தின்மீது அதிகம் கட்டக்கூடாது. ஆனால் மருந்துதான் என்று நாம் ஐயமின்றி நம்பும் ஒரு விளைவின் கணிசமான பகுதி நோயோடேயே வரக்கூடும் என்பதை அது காட்டியது. 2002இல் அதே கூட்டணி, மருந்து தொடாத நோயாளிகளை எம்.ஆர்.ஐ. எடுத்தது. அசைவுக் கோளாறு இருந்தவர்களிடம், மூளையின் அடிப்பகுதியில் அசைவை ஒழுங்குபடுத்தும் லெண்டிகுலர் கரு பெரிதாக இருந்தது. இந்தக் கட்டுரைகள் அயோவா விவாதத்தில் எடுத்தாளப்படுவதை நான் அதிகம் கண்டதில்லை.

6. குரங்கு, எலி, குலுக்கல்

நோயையும் மருந்தையும் பிரிக்க நேர்வழி, நோயில்லாத உயிருக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது. பிட்ஸ்பர்க்கில் டேவிட் லூயிஸின் குழு 2005இல் அதைச் செய்தது. மக்காக் குரங்குகள் மூன்று குழுக்கள், குழுவுக்கு ஆறு. ஒன்றுக்கு ஹாலோபெரிடால் என்ற ஆன்டிசைக்காட்டிக் மருந்து, ஒன்றுக்கு ஓலன்சபைன் என்ற இன்னொரு மருந்து, ஒன்றுக்கு வெறும் உருண்டை. மனிதர்களின் இரத்தத்தில் காணப்படும் அளவுக்கு இணையாக, 17 முதல் 27 மாதங்கள். மருந்து பெற்ற குரங்குகளின் மூளை 8 முதல் 11 சதவீதம் சிறுத்திருந்தது. மனச்சிதைவில் காணும் குறைவைவிட இது பலமடங்கு. லண்டனில் வெர்னன் குழுவினர் 2011இல் எலிகளுக்கு எட்டு வாரம் ஹாலோபெரிடால் கொடுத்தபோதும் மூளைப் பருமன் 6 முதல் 8 சதவீதம் குறைந்தது.

மனிதர்களிடம் இதற்கு நெருக்கமாகச் செல்வது குலுக்கல்முறைச் சோதனை. 2020இல் வொய்னெஸ்கோஸ் குழு வெளியிட்டது அத்தகையது. மனப்பிரமையோடு கூடிய கடும் மனச்சோர்விலிருந்து தேறியவர்களில் ஒரு பாதியினருக்கு ஓலன்சபைன் தொடர்ந்தது, மறுபாதியினருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை, 36 வாரங்கள். ஓலன்சபைன் தொடர்ந்தவர்களின் புறணித் தடிமன் குறைந்தது. ஆனால் வெற்று மாத்திரை பெற்று நோய் திரும்பியவர்களிடமும் தடிமன் குறைந்தது. ஒரே ஆய்வில் இரண்டு பதில்கள்.

ஆஸ்திரேலியாவில், இதுவரை மருந்தே எடுக்காத முதல்முறை நோயாளிகளிடம் செய்த குலுக்கல்முறைச் சோதனையின் படங்களைச் சோப்ராவும் சகாக்களும் 2021இல் ஆராய்ந்தார்கள். மூன்று மாதத்தில், மருந்தில்லாத குழுவுக்குப் பாலிடம் என்ற பகுதி சுருங்கியது. மருந்தெடுத்த குழுவுக்கு அது பெருத்தது. அதாவது ஓரிடத்தில் மருந்து சுருக்குகிறது, வேறோர் இடத்தில் சுருக்கத்தைத் தடுக்கிறது அல்லது பெருக்கவும் செய்கிறது. ‘மருந்து மூளையைச் சுருக்கும்’ என்ற ஒற்றை வாக்கியம் இங்கே உடைந்துபோகிறது. ‘மருந்து மூளையைக் காக்கும்’ என்பதும் அப்படியே.

7. பருமன் என்றால் என்ன?

சுருங்கிய குரங்கு மூளையை வெட்டிப் பார்த்தபோது நரம்பணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை. கிளியா எனப்படும் துணையணுக்களே குறைந்திருந்தன. நரம்பணுக்கள் முன்னைவிட நெருக்கமாக அமைந்திருந்தன. வீட்டில் ஆள் குறையவில்லை, தட்டுமுட்டுச் சாமான் குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். கிளியாவும் வெறும் சாமான் இல்லை என்பதால் உவமையை இதற்குமேல் இழுக்கவில்லை. மனச்சிதைவு நோயாளிகளின் இறந்தபின் பெற்ற மூளைத் திசுவிலும் நரம்பணுக்கள் பெருமளவில் அழிந்த தடயம் இல்லை. அவற்றின் கிளைகளிலுள்ள முட்கள் போன்ற இணைப்புப் புள்ளிகள் குறைந்திருப்பதையே லூயிஸ் உள்ளிட்டோர் கண்டார்கள். இரண்டும் பருமனைக் குறைக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இன்னொரு சோதனை இதைவிடச் சங்கடமானது. 2010இல் டோஸ்ட் குழுவினர் ஆரோக்கியமான தொண்டர்களுக்கு ஒரே ஒரு வேளை ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். ஓரிரு மணிநேரத்தில் ஸ்டிரையேட்டம் பகுதியின் பருமன் குறைந்தது. மருந்து இறங்கியதும் திரும்பியது. உயிரணு எதுவும் ஒரு மணிநேரத்தில் செத்துத் திரும்ப முளைப்பதில்லை. ஆகவே பருமனில் ஒரு பகுதி திரவம், இரத்தவோட்டம், இணைப்புகளின் நிலை போன்ற நெகிழக்கூடிய காரணங்களால் ஆனது. எந்தப் பகுதி நெகிழும், எது நெகிழாது என்று எம்.ஆர்.ஐ. சொல்லாது.

இணைப்புகளை உயிரோடு அளக்கும் முயற்சிகள் அண்மையில் வந்துள்ளன. 2020இல் லண்டனில் ஆலிவர் ஹவ்ஸின் குழு, இணைப்பு முனைகளில் உள்ள ஒரு புரதத்தைப் பி.இ.டி. ஸ்கேனில் அளந்து, மனச்சிதைவு நோயாளிகளின் முன்மடலில் அது குறைவு என்றது. அந்த நோயாளிகள் மருந்தெடுத்தவர்கள். எனவே எலிகளுக்கு ஹாலோபெரிடாலும் ஓலன்சபைனும் கொடுத்துச் சோதித்தார்கள், புரதம் மாறவில்லை. நோயின் பங்கைச் சுட்டும் சான்றுகளில் இது வலுவானது என்பேன். 2.6 சதவீதம் என்ற ஒற்றை எண்ணுக்குள் இப்படி வெவ்வேறு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன.

எம்.ஆர்.ஐ. உறையைக் கையில் வைத்துக்கொண்டு, நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்கும் உறவினர்களுக்கும் இதுதான் பதில். குழுச் சராசரியில் தெரியும் வேறுபாடு தனியொருவரின் படத்தில் தெரிவதில்லை. நோயில்லாதவர்களின் மூளைகளே ஒன்றுக்கொன்று அதைவிடப் பலமடங்கு வேறுபடும். மருத்துவர் இந்தப் படத்தைக் கேட்பது கட்டி, கசிவு போன்ற வேறு காரணம் இல்லையென்று உறுதிசெய்யவே.

8. மருந்துச் சீட்டின் முன்னால்

ராபர்ட் விட்டேக்கர் போன்ற விமர்சகர்கள் நீண்டகால மருந்துக்கு எதிரான வாதத்தில் அயோவா முடிவுகளை முன்வைத்தார்கள். துறைக்குள்ளும் தயக்கம் வந்தது. லண்டனின் ராபின் மரே, மருந்து மூளைப் பருமனைப் பாதிக்கலாம் என்பதற்கான சான்றுகளைத் தாமதமாகவே ஏற்றதைத் தன் ஆய்வு வாழ்வின் தவறுகளில் ஒன்றாக 2017இல் எழுதினார். சிபர்ஸ்கி, ரைலி ஆகியோரோடு சேர்ந்து 2013இல் அவர் எழுதிய கட்டுரை, மனச்சிதைவு தொடர்ந்து தேயும் மூளைநோய் என்பதையே கட்டுக்கதை என்றது.

மறுபக்கக் கணக்கும் உண்டு. லாய்க்ட் குழு 2012இல் 65 சோதனைகளைத் தொகுத்தபோது, ஓராண்டில் நோய் திரும்பியவர்கள் மருந்தில் 27 சதவீதம், வெற்று மாத்திரையில் 64 சதவீதம். இந்த இடைவெளி மூளைப் படத்தின் இரண்டரை சதவீதத்தைப் போல நுணுகிப் பார்க்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் வுண்டெரிங்க் 2013இல் வெளியிட்ட ஏழாண்டுத் தொடர்ச்சியில், மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ முயன்ற குழுவில் 40.4 சதவீதத்தினரும், தொடர்ந்த குழுவில் 17.6 சதவீதத்தினரும் முழுமையாக மீண்டனர். அது பலருக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் ஜோவன்னா மான்கிரீஃப் இங்கிலாந்தில் 253 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட சோதனையில், படிப்படியாகக் குறைத்தவர்களுக்கு இரண்டாண்டு முடிவில் சமூக வாழ்வில் ஆதாயம் தெரியவில்லை. கடுமையாக நோய் திரும்பியவர்கள் 25 சதவீதம், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 13 சதவீதம். மருந்தை நீண்டகாலமாக விமர்சித்துவந்த மான்கிரீஃபே அதை வெளியிட்டார். 1990இல் அயோவாவில் நடந்ததன் மறுபதிப்புபோல இருக்கிறது.

ஆண்ட்ரியாசன் தன் படங்களை விட்டுவிடவில்லை. 2013இல் ஏறக்குறைய அதே நோயாளிக் கூட்டத்தை, 202 பேரை, 659 படங்களை, வேறொரு கேள்வியோடு திரும்பப் பார்த்தார். நோய் எத்தனைமுறை திரும்பியது என்பதற்கும் மூளைத் திசுவுக்கும் தொடர்பில்லை. திரும்பிய நோய் எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்குத் தொடர்பு இருந்தது. மருந்தின் அளவுக்கும் இருந்தது. 2011இன் கட்டுரை, மருந்தின் அளவையும் காலத்தையும் நன்மை தீமை பார்த்து மறுபரிசீலனை செய்யச் சொல்லி முடிந்திருந்தது. 2013இன் கட்டுரை, நோய் திரும்பாமல் தடுக்கவும் நோயாளிகள் மருந்தை விடாமல் எடுக்கச் செய்யவும் வழிதேடச் சொல்லி முடிகிறது.